கிடைவால்: வீட்டிலேயே விமானம் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சொந்தமாக விமானம் கட்டக் கிளம்புகிறவர்களின் வரைபடங்களில், கிடைவால்தான் (விமானத்தின் பின்முனையில் கிடைமட்டமாக இருக்கும் சிறு இறக்கை) கடைசியாக, அவசரமாகப் போட்டதாக இருக்கிறது. போல்ட் விட்டுப்போனது, கூட்டல் பிழை போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை தரையிலேயே தெரிந்துவிடும். இங்கே சொல்பவை மேலே போன பிறகு தெரிபவை.

பட்டறைக்கு ஏற்ப உடலைக் குறைப்பது

"இடம் போதவில்லை, பின்னுடலை 80 செ.மீ. குறைத்தோம். வால் பரப்பு அதேதான்." இந்தப் பேச்சுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. முன்தெருவில் நுழைந்தால் பின்தெருவில் வெளியேறும் வீடுகள் உள்ள ஊரில் இடமில்லையாம்!

வாலின் பரப்பு மட்டும் எதையும் சொல்லாது. அதை வால்தூரத்தால் பெருக்கி, இறக்கைப் பரப்பையும் சராசரி நாணையும் (இறக்கையின் முன்-பின் அகலம்) பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வால்தூரம் என்பது இறக்கையின் கால்நாண் புள்ளியிலிருந்து (முன்விளிம்பிலிருந்து நாணில் கால் பங்கு பின்னே) கிடைவாலின் கால்நாண் புள்ளி வரை. உடலின் கடைசி முனை வரை அளப்பது தப்பு.

இறக்கை 11 ச.மீ., நாண் 1.3 மீ., வால் 1.8 ச.மீ., வால்தூரம் 4 மீ. என்றால் விடை 0.50. வீட்டில் கட்டும் விமானத்துக்கு இது ஏற்ற அளவு. தூரத்தை 3.2 மீட்டராக்கினால் 0.40. நடுநிலைப் புள்ளி, அதாவது எடைமையம் (சி.ஜி.) தாண்டிப் பின்னே போகக்கூடாத இடம், ஏறக்குறைய 6 செ.மீ. முன்னே வந்துவிடும். நாணில் 10% என்று வைத்திருந்த நிலைப்பு இருப்பு (சி.ஜி.க்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள இடைவெளி) பாதியாகிவிடும். பெட்ரோல் தீரத் தீர சி.ஜி. பின்னால் போகும் விமானமென்றால் மீதியும் கரையும்.

"சரி, வாலைப் பெரிதாக்கிவிடுகிறோம்" என்பார்கள். 2.25 ச.மீ. ஆக்கினால் 0.50 திரும்பக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் மூக்கு மேலும் கீழும் ஆடுவதை அடக்கும் திறன் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பெரிய வாலோடும் அது பழையதைவிட 20% குறைவாகவே இருக்கும். அதையும் மீட்க 2.8 ச.மீ. வேண்டும். அந்த எடை முழுக்க வால் முனையில் போய் உட்காரும். உடலைக் குறைக்காமல், கிடைவாலைக் கழற்றி மாட்டும்படி போல்ட் இணைப்பு வைப்பதே வழி.

பர்மா தேக்கு

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அருமையான தேக்கு கிடைக்கிறது. கதவு செய்யுங்கள், வால் வேண்டாம். கன மீட்டருக்குத் தேக்கு 650 கிலோ அளவு, விமானத்துக்கு எடுக்கும் ஸ்ப்ரூஸ் மரம் 430 தான். போதாததற்குத் தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டுப்பிடிப்பைக் கெடுக்கும். சி.ஜி.க்கு 4 மீ. பின்னால் 2 கிலோ கூடினால், 1.3 மீ. முன்னால் 6 கிலோ ஈயம் வைத்துச் சமன் செய்ய வேண்டும்.

பின் எல்லையை மட்டும் பார்ப்பது

சி.ஜி. இருக்கலாம் என்ற இடத்துக்கு முன் எல்லை, பின் எல்லை என இரண்டு உண்டு. நிலைப்பைப் பார்க்க, சி.ஜி. பின் எல்லையில் இருக்கும்போது சோதனை; தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க முடியுமா என்று பார்க்க, முன் எல்லையில் இருக்கும்போது சோதனை. இரண்டாவதைப் பலர் போடுவதே இல்லை. தரைக்கு அருகே இறக்கையின் கீழ்நோக்கிய காற்றோட்டம் குறையும். வால் மேலே தூக்கப்பட்டு மூக்கு இறங்கப் பார்க்கும். ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) இறக்கினால் இன்னும் மோசம். முன் எல்லை, முழு ஃப்ளாப், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை தூக்காது), சக்கரம் தரையருகே என்று வைத்துக் கணக்கிடுங்கள். எலிவேட்டர் (கிடைவாலின் பின்பகுதியில் மேலும் கீழும் அசையும் பலகை) 25 டிகிரிக்கு மேல் கேட்டால் முன் எல்லையைப் பின்னே தள்ளுங்கள், அல்லது வாலைப் பெரிதாக்குங்கள்.

அடர் நிறப் பெயின்ட்

ஃபைபர் வாலென்றால் வெள்ளை மட்டும். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி பலவும் 60 டிகிரி தாண்டினால் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கறுப்புப் பரப்பு அதைச் சுலபமாகத் தாண்டும்.

எடைச் சமன்

எலிவேட்டரைப் பெயின்ட் அடித்த பிறகு, அதன் கீல் அச்சைச் சுற்றிய எடைச் சமன் பாருங்கள். மறுபடி அடித்தால் மறுபடி பாருங்கள்.

ட்ரிம் டேப்பில் ஆட்டம்

எலிவேட்டரின் பின்விளிம்பில் உள்ள இந்தச் சிறு பலகையைக் கையால் அசைத்து ஆட்டம் தெரிந்தால் ஃப்ளட்டர் (காற்றில் தானாகவே பெருகும் படபடப்பு) வர வழியுண்டு. பறக்காதீர்கள்.