ரவுட்டர் பெருகினாலும் திணறாத நெட்வொர்க்: ஓஎஸ்பிஎஃப் ஏரியா பிரிப்பது எப்படி?

பாலக்காட்டுக்குக் கிழக்கே நம் எல்லையோர ஊர்களுக்கு ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாலைந்து ரவுட்டர் இருக்கும்வரை, அவை ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ள எந்த ப்ரோட்டோகாலும் (பேச்சு விதிமுறையும்) ஓடும். ஊர்கள் கூடக் கூடத்தான் சிக்கல். அப்போது கைகொடுப்பது ஓஎஸ்பிஎஃப்: ஒவ்வொரு ரவுட்டரும் நெட்வொர்க்கின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, குறைந்த செலவான வழியைத் தானே கணக்கிடும் ப்ரோட்டோகால். ஒரே வரைபடத்தைப் பகிர்ந்துகொள்ளும் பகுதிக்கு ஏரியா என்று பெயர். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் எஃப்ஆர்ஆர் மென்பொருளில் இதைச் செய்து பார்க்கலாம்.

1. ஆர்ஐபி என்ற பழைய ப்ரோட்டோகால் வேண்டாம். 15 ரவுட்டர் தாண்டினால் அதற்கு வழியே இல்லை. 30 விநாடிக்கு ஒருமுறை ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழி) டேபிள் முழுவதையும் அனுப்பும். ஒரு பாக்கெட்டில் 25 ரூட்தான் அடங்கும். ஆயிரம் ரூட் இருந்தால், ஒவ்வொரு லிங்க்கிலும் அரை நிமிடத்துக்கு 40 பாக்கெட்!

2. முகவரியைத் திட்டமிடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் பலன் முழுக்க இதில்தான் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக்கு 10.20.0.0/16 (அதாவது 10.20 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும்), மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துக்கு 10.30.0.0/16. கையில் கிடைத்த முகவரியைக் கண்ட ஊருக்குக் கொடுத்துவிட்டால், பிறகு பல ரூட்டை ஒன்றாகச் சுருக்கவே முடியாது.

3. ஏரியா பிரியுங்கள். பாலக்காட்டில் இரண்டு ரவுட்டர். அவற்றுக்கு இடையிலான லிங்க் ஏரியா 0, அதாவது மற்ற ஏரியாக்களை இணைக்கும் நடு ஏரியா. ஒன்று ஏரியா 1-க்கு (வேலந்தாவளம் பக்கம்) வாசல், மற்றது ஏரியா 2-க்கு (கோவிந்தாபுரம் பக்கம்).

4. சுருக்குங்கள். ஏரியா பிரித்ததோடு நிறுத்தினால் பாதி வேலைதான். ஏரியாவின் வரைபடம் வெளியே போகாது. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு /24-ம் (256 முகவரி கொண்ட சிறு துண்டு) தனித்தனி ரூட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். ஏரியா 1-இன் வாசல் ரவுட்டரில், 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்' என்ற அமைப்புப் பகுதிக்குள் இந்தக் கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுங்கள்:

ஏரியா 1 ரேஞ்ச் 10.20.0.0/16 அட்வர்டைஸ் காஸ்ட் 100

256 ரூட் வரை இந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிடும். காஸ்ட்டை (வழியின் செலவைக் காட்டும் எண்) நிலையாகக் கொடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவற்றில் மிக அதிகமான காஸ்ட்டை அது எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு லிங்க் விழுந்தாலும் வெளியே செய்தி போகும்.

ஏரியா 2-க்கும் இதேபோல். வேறு நிறுவனங்களோடு இணையும் இடத்தில் மட்டும் பிஜிபி என்ற வேறொரு ப்ரோட்டோகால். அது தனிப் பாடம்.

5. சோதியுங்கள். வேலந்தாவளத்தில் வாடிக்கையாளர் பக்க இன்டர்ஃபேஸ் ஒன்றை ஷட்டவுன் செய்யுங்கள். கோவிந்தாபுரம் ரவுட்டரில் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப்' அடித்தால், எஸ்பிஎஃப் கணக்கு (குறைந்த செலவான வழியைத் தேடும் கணக்கு) கடைசியாக எப்போது ஓடியது என்று ஒரு வரி வரும். ரேஞ்ச் இல்லாதபோது அந்த நேரம் புதிதாகத் தொடங்கும். ரேஞ்ச் இருந்தால் பழைய நேரமே கூடிக்கொண்டு போகும்: வேலந்தாவளத்தில் நடந்தது கோவிந்தாபுரத்தை எட்டவே இல்லை. எட்டியிருந்தால், 10.20-க்குள் அடங்காத முகவரி ஏதாவது ஏரியா 1-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.