ஊட்டிக் குளிரில் பழ ஈ ஆய்வகம்: புதிதாகச் சேரும் போஸ்ட்டாக்குகளுக்கு (முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர்கள்)

பழ ஈ நரம்பியல் செய்முறைகளில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருந்தால் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் என்று படித்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதக் காலைகளில் ஊட்டி ஆய்வக மேசை அதற்கு வெகு கீழே இருக்கும். ஈயின் வளர்ச்சி, நடத்தை, நாம் பயன்படுத்தும் மரபணுக் கருவிகள் எல்லாமே வெப்பநிலைக்கு ஆடுபவை. அதனால் முதல் வாரத்து வேலை மைக்ராஸ்கோப் இல்லை, இன்குபேட்டர், அதாவது வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருக்கும் பெட்டி.

குளிர்விக்க மட்டுமே தெரிந்த பெட்டி இங்கே உதவாது. சூடாக்கவும் செய்யும் பிஓடி இன்குபேட்டர் வேண்டும். ஒன்று 25, இன்னொன்று 18, முடிந்தால் மூன்றாவது 29 டிகிரி. விளக்கு 12 மணி நேரம் எரிந்து 12 மணி நேரம் அணையட்டும். ஈரப்பதம் 60 சதவீதம் போல இருக்க, பனிக்கால வறட்சியில் உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். ஜூன் மழை தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். கதவில் ஒளிரும் எண்ணை நம்பாமல், அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிக்கும் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்துத் தினமும் குறித்துக்கொள்ளுங்கள். பருவக்காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனால், 25 டிகிரிக் குப்பிகளைத் தெர்மோகோல் பெட்டியில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்களோடு வைக்கலாம். 18 டிகிரி ஸ்டாக்குகளுக்கு (தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஈ வகைகள்) ஒன்றும் வேண்டாம், கதவைத் திறக்காமல் இருந்தால் போதும்.

உணவுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு: மக்காச்சோள மாவு 80 கிராம், சர்க்கரை 40, குளுக்கோஸ் 20, ஈஸ்ட் 15, அகர் 8 கிராம். கடையில் 'கார்ன் ஃப்ளோர்' என்று கேட்டால் வெள்ளை ஸ்டார்ச்சைத் தருவார்கள். அது வேண்டாம், மஞ்சள் மாவைக் கேளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அகர் சரியாகக் கரையாமல் போவதும், இரண்டு நாளில் உணவு குப்பியின் சுவரை விட்டுக் கழன்று ஈக்களை நசுக்குவதும் இதனால்தான். அகரை முதலில் தனியாக, கலங்கல் முழுக்கத் தெளியும்வரை கொதிக்க விட்டு, பிறகு மாவைக் கரைத்து ஊற்றுங்கள். ஆட்டோகிளேவிலும் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) இதே கதை: மானி 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 117 டிகிரி அளவில்தான் இருக்கும். அழுத்தத்தைப் பார்க்காமல் 121 டிகிரி வந்ததா என்று பாருங்கள்.

கலவை 60 டிகிரிக்கு இறங்கிய பிறகு புரோபியானிக் அமிலம் 4 மி.லி., எத்தனாலில் கரைத்த மெத்தில் பாரபென் 1 கிராம் சேருங்கள். சூட்டோடு ஊற்றினால் அமிலம் ஆவியாகிப் பூஞ்சை வரும். ஆனால் இந்தக் குளிரில் கலவை சட்டென்று இறுகும் என்பதால், பாத்திரத்தை, வெந்நீர்த் தொட்டியில் வைத்தபடியே குப்பிக்கு 7 அல்லது 8 மி.லி. ஊற்றுங்கள். மெல்லிய துணி மூடி இரவு முழுக்க விடுவது வழக்கம். மழைக்காலத்தில் அது காயாது. உள்சுவரில் நீர்த்துளி நின்றால் ஈ ஒட்டிச் சாகும். 25 டிகிரிப் பெட்டியில் உலர்த்திய பிறகே பஞ்சு அடையுங்கள்.

முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரியில் 10 நாள், 18-இல் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஸ்டாக்குகளை முறையே இரண்டு வாரம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கன்னி ஈ (இன்னும் இணை சேராத பெண் ஈ) எடுக்க, 25-இல் குப்பியைக் காலி செய்த 8 மணி நேரத்துக்குள் வர வேண்டும். 18-இல் 16 மணி நேரம் வரை தாங்கும். ஆகவே மாலை காலி செய்து 18-இல் வைத்து, மறுநாள் காலை எடுப்பது சுகமான ஏற்பாடு. வெளிறிய உடலும் வயிற்றில் கரும்புள்ளியும் இருந்தால் சந்தேகமே இல்லை. எடுத்தவற்றை மூன்று நாள் தனியே வையுங்கள்; புழு தெரிந்தால் அந்தக் குப்பி கழிவு.

குளிரில் வளர்ந்த ஈக்களில் கர்லி எனும் சுருண்ட இறக்கை நேராகிவிடக்கூடும். இந்த இறக்கையை அடையாளமாகக் கொண்ட சைஓ பேலன்சர் (மரபணு மாற்றங்கள் கலந்துபோகாமல் காக்கும் குரோமோசோம்) உள்ள ஈயை இல்லாததாக எண்ணி எடுத்தால் கிராஸ் (இனக்கலப்பு) முழுதும் வீண். தேர்வு செய்யும் தலைமுறையை 25-இலேயே வளருங்கள். விரும்பிய செல்களில் மட்டும் ஒரு மரபணுவை இயக்கும் கால்4-யுஏஎஸ் கருவியும் 18-இல் மந்தம், 29-இல் வேகம். இரண்டு குழுக்களை வெவ்வேறு தட்டில் வளர்த்துவிட்டு ஒப்பிடாதீர்கள். ஷிபிரே டிஎஸ் (சூட்டில் நரம்பின் சமிக்ஞையை நிறுத்தும் மரபணு வடிவம்) கொண்டு நரம்பை அடக்குபவர்கள் 30 டிகிரியில் வைத்த குப்பியை வெளியே மேசைக்குக் கொண்டுவந்தால், சில நிமிடங்களில் நரம்பு மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். படமெடுக்கும் பெட்டியையே சூடாக்க வேண்டும்.

ஏறும் சோதனைக்குக் குப்பிக்கு 10 ஈ, தட்டிவிட்டு 10 விநாடியில் 8 செ.மீ. கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று எண்ணுங்கள். கார்பன் டை ஆக்சைடில் மயக்கியிருந்தால் ஒரு நாள் இடைவெளி தேவை. மூளையை ஃபிக்ஸ் செய்யும் (திசு கெடாமல் பதப்படுத்தும்) 20 நிமிடமும் 25 டிகிரியில்தான்.

பெங்களூரிலிருந்து ஸ்டாக் வரவழைப்பதானால் சித்திரை வெயிலைத் தவிருங்கள். வழியில் 30 டிகிரிக்கு மேல் வளர்ந்த ஆண்கள் தற்காலிக மலடாக வரும். வந்தவற்றைத் தனித் தட்டில் இரண்டு தலைமுறை வைத்து, உண்ணி இல்லை என்று பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.