நடுக்கடலில் அணைந்த எஞ்சின்: இரண்டு நாள் கழித்துப் பிடிபட்ட காரணம்

கயிறு இழுத்தால் ஓடும். ஐந்து நிமிடத்தில் இருமி அணையும். ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தேன், ஃபில்டரைக் கழுவினேன், பெட்ரோலில் தண்ணீர் கலந்ததோ என்று வடித்தும் பார்த்தேன். பலனில்லை.

இரவில் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கவிழப் பார்த்தது. வாளியைக் கயிற்றில் கட்டி முன்பக்கம் நீரில் விட்டதும் முகப்பு அலையை நோக்கி நின்றது. கடல்நீரைக் குடிக்கவில்லை, அதிலுள்ள சுமார் 3.5 சதவீத உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரை உடல் இழக்கும்.

இரண்டாம் நாள்தான் கவனித்தேன்: பெட்ரோல் குழாயிலுள்ள, கையால் அழுத்தி எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் உருண்டை சப்பையாக ஒட்டிக் கிடந்தது. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் தளர்த்தினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. உருண்டை உப்பியது. காற்று நுழைய வழியில்லாததால்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் வராமல் நின்றிருக்கிறது. பிறகு எஞ்சின் கரைவரை நிற்கவில்லை.

மழைநீர் இறங்கிவிடுமோ என்று அந்தத் திருகை இறுக்கியவன் நான்தான்.