எருக்கூடை முடைவது: கழி வெட்டுவதிலிருந்து வாய் கட்டுவது வரை

கொல்லிமலை மாதிரி மலையூர்களில் எரு சுமக்கவும் அன்னாசி, காப்பிப் பழம் அள்ளவும் மூங்கில் கூடைதான் தோது. இங்கே சொல்வது தலைச்சுமைக்கான கூடை: வாய் 18 அங்குலம், அடி 10 அங்குலம், உயரம் 10 அங்குலம். 3 அங்குலத் தடிமனுள்ள 20 அடிக் கழி ஒன்று இதற்குத் தாராளம். சிம்பு, அதாவது பின்னுவதற்கான மெல்லிய கீற்று, கொஞ்சம் மிஞ்சும்.

முதலில் கழி. வறண்ட சரிவில் நிற்கும் கல்மூங்கில் பெரும்பாலும் உள்ளே கெட்டியாக இருக்கும். தடிக்கு ஆகும், சிம்புக்கு ஆகாது. ஓடைப்பக்கம் நேராக வளர்ந்த, துளை அகலமான, கணுவுக்குக் கணு ஒரு அடியாவது விட்ட கழியாகப் பாருங்கள். அந்த வருஷத்துக் கழியில் கணுவை மூடிய மட்டை உதிராமல் ஒட்டியிருக்கும், மேலே வெள்ளைப் பொடி தெரியும். அதில் நார் முற்றியிருக்காது, காய்ந்ததும் சுருங்கிவிடும். மஞ்சளித்துப் பாசி படிந்த கிழக்கழி சீவும்போதே ஒடியும். இரண்டாம், மூன்றாம் வருஷத்துக் கழிதான் சரி. பூத்த புதர்ப் பக்கமே போகவேண்டாம். அது சாகப்போகிற புதர், நார் மொடமொடவென்று இருக்கும்.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். பிறையைவிடப் பருவத்தைப் பார்ப்பதுதான் மேல். மழையில் முளைவிட்டு ஓய்ந்தபின், கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவே வெட்டுங்கள். கோடையில் அடுத்த முளைக்காகக் கழியில் மாவுச்சத்து ஏறியிருக்கும், துளைப்பூச்சி அதைத் தின்னத்தான் வருகிறது. தரையை ஒட்டிய முதல் கணுவுக்குச் சற்று மேலே வெட்டவேண்டும். இரண்டு கணுவுக்கு நடுவே வெட்டினால் குழியில் மழைநீர் தேங்கி தூர் அழுகும்.

பட்டா நிலத்து மூங்கிலை 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ‘மரம்’ என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. காட்டு மூங்கிலை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருளில் சேர்த்திருக்கிறது. அதற்குக் கிராமசபையிலும் வனத்துறையிலும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இனி, பிளப்பது. கூடை வேலையில் முக்கால் பங்கு இதுதான். அடிப்பக்கம் 6 அடியைத் தனியாக அறுத்து 12 பத்தையாக (அகலமான கீற்றாக) பிளந்தால் ஒவ்வொன்றும் முக்கால் அங்குல அகலம் வரும். 4 அடிக்கு நறுக்கினால் நிற்கும் பத்தை 12 கிடைக்கும். மிஞ்சும் 2 அடித் துண்டுகளில் நல்லதாக ஒன்றை எடுத்து வையுங்கள். மேல் 14 அடியில் ஓர் அங்குல அகலத்தில் 6 அடி நீளப் பத்தை இரண்டு, வாய் வளையத்துக்கு. மற்றதெல்லாம் கால் அங்குலச் சிம்பு.

நுனியிலிருந்துதான் கத்தியை இறக்கவேண்டும். பிளவு கோணிக்கொண்டு ஒரு பக்கம் மெலிந்தால் பலர் கத்தியைத் திருப்புவார்கள், பயனில்லை. தடித்த பக்கத்தைக் கையால் வளைத்து இழுங்கள். எந்தப் பக்கம் அதிகம் வளைகிறதோ அந்தப் பக்கமாகப் பிளவு நகரும், தானாக நடுவுக்கு வந்துவிடும். சிம்பைத் தோல் பக்கம், உள்பக்கம் என இரண்டாக உரியுங்கள். தோல் சிம்பு வெளியே தெரியும் வரிசைக்கும் கட்டுக்கும், உள்சிம்பு அடிக்கும். கனம் ஒரு மில்லிமீட்டர் போதும். கணு மேட்டைச் சீவிச் சமப்படுத்தாவிட்டால் வளைக்கும்போது அங்கேதான் ஒடியும். விரலில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள்; சிலாம்பு ஏறினால் ஒரு வாரம் வேலை கெடும்.

பச்சையாகவே முடைந்தால் காய்ந்தபின் சந்து விழும். நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, முடைவதற்கு முன் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு எடுங்கள்.

அடிக்கு ஆறு பத்தையைக் கிடையாகவும் ஆறைக் குறுக்காகவும் மேல்கீழாகக் கோத்து, நடுவில் 5 அங்குலச் சதுரம் வரும்படி நெருக்குங்கள். தோல் பக்கம் தரையைப் பார்க்கவேண்டும். மூலைப் பத்தைகளை விசிறிபோல் விரித்துச் சிம்பை ஓட்டத் தொடங்குங்கள். பத்தை முனை 24 இருக்கிறது, இரட்டைப்படை. இப்படியே ஓட்டினால் இரண்டாம் சுற்றிலும் சிம்பு அதே பத்தைக்கு மேலேதான் வரும், பின்னலே விழாது. எடுத்து வைத்த 2 அடித் துண்டை ஒரு மூலையில் பின்னலுக்குள் செருகி 25 ஆக்குங்கள். புதிதாகக் கற்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

அடி 10 அங்குலம் ஆனதும் பத்தைகளை நிமிர்த்தவேண்டும். திருப்பத்தில் தண்ணீர் தெளித்து, கங்கில் லேசாக வாட்டி, மெல்ல வளையுங்கள். அந்த இடத்தில் கணு வந்தால் அந்தப் பத்தை போச்சு, கோக்கும்போதே தள்ளிவைத்துவிடுங்கள். முனைகளை மேலே சேர்த்துக் கட்டி ஓர் இரவு விட்டால் வளைவு நிற்கும். பிறகு அவிழ்த்து, வாய் 18 அங்குலம் வரும்படி விரித்துக்கொண்டே சிம்பை ஓட்டுங்கள். மொத்தம் 180 அடி சிம்பு பிடிக்கும். சிம்பு தீர்ந்தால் புதிதை மூன்று பத்தை தூரம் பழையதோடு சேர்த்தே ஓட்டுங்கள். ஒட்டுகள் ஒரே இடத்தில் வந்தால் கூடை அங்கே பிதுங்கும். ஒவ்வொரு சுற்றையும் கத்தியின் பின்பக்கத்தால் தட்டி இறக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்துப் பிடித்தால் கூடை சாயும். பாதியில் ஒருமுறை கவிழ்த்துத் தரையில் வைத்துப் பாருங்கள்.

வாயை அன்றைக்கே கட்டவேண்டாம். ஒருநாள் காயவிட்டு மறுபடி தட்டினால் அரை அங்குலமாவது இறங்கும்; அங்கே இரண்டு சுற்று சேர்த்துவிடலாம். பிறகு ஒன்றுவிட்டு ஒரு பத்தையை விளிம்போடு நறுக்கி, மீதியை உள்பக்கம் மடித்துப் பக்கத்துப் பத்தையை ஒட்டிக் கீழே செருகுங்கள். வளையம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. முனைகள் 10 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கட்டு, தோல் சிம்பால். இப்போது பலர் கம்பி போடுகிறார்கள். வேகமாகத்தான் முடியும், ஆனால் எரு ஈரத்தில் துருப்பிடித்து ஒரே மழைக்காலத்தில் கையைக் கிழிக்கும்.

வெளியே துருத்தும் பிசிறைத் தீயில் வேகமாகக் காட்டி எடுங்கள். தானியத்துக்கென்றால் உள்ளே சாணி மெழுகலாம், அல்லது ஊறவைத்த வெந்தயத்தையும் காகிதத்தையும் அரைத்துப் பூசலாம். எருக்கூடைக்குப் பூச்சு வேண்டாம். சாறு வடிய சந்து இருக்கட்டும். வேலை இல்லாத நாளில் கழுவி அடுப்புக்கு மேல் புகை படும்படி தொங்கவிடுங்கள். தரையில் அப்படியே வைத்தால் கரையான் முதலில் தின்பது அடிச்சதுரத்தைத்தான்.