காலைல மீட்டிங், சாயங்காலம் கச்சேரி: ஒரே ஆடிட்டோரியத்துக்கு சவுண்ட் சிஸ்டம் போடுறது எப்படி

600 சீட் இருக்குற ஒரு காலேஜ் ஆடிட்டோரியம்னு வச்சுக்கோங்க. திங்கக்கிழமை கருத்தரங்கம், புதன்கிழமை பட்டிமன்றம், வெள்ளிக்கிழமை பரதநாட்டியம், சனிக்கிழமை ஆண்டு விழா, அதுல லைட் மியூசிக் வேற. இத்தனைக்கும் ஒரே சிஸ்டம். நிறைய இடத்துல ஆர்கெஸ்ட்ராவை மட்டும் மனசுல வச்சு பெரிய பெரிய பாக்ஸா வாங்கி மாட்டிடுறாங்க, அப்புறம் பார்த்தா சிறப்பு விருந்தினர் பேசுறது பத்தாவது வரிசைக்கு மேல யாருக்கும் புரியறதில்ல. அதனால முதல்ல கடைசி வரிசை மூலை சீட்ல உக்கார்ற ஆளுக்கு பேச்சு எழுத்து எழுத்தா புரியுற மாதிரி போடுங்க, இசைக்கு வேண்டியதை அது மேல சேர்த்துக்கலாம். இசைக்குன்னு போட்டுட்டு அப்புறம் பேச்சை சரி பண்றது ரொம்ப கஷ்டம்.

ஸ்பீக்கர் கேட்டலாக் பார்க்குறதுக்கு முன்னாடி ஹாலை பாருங்க. கை தட்டிட்டு அந்த சத்தம் எவ்ளோ நேரம் சுத்திட்டே இருக்குன்னு கவனிங்க, சத்தம் 60 டெசிபல் குறையுறதுக்கு ஆகுற நேரத்தைத்தான் ரிவர்ப் டைம்னு சொல்றோம். இதுக்கு கணக்கு கண்டுபிடிச்சவர் வாலஸ் சபைன், ஹார்வர்டுல 1895ல ஒரு லெக்சர் ஹால்ல பேச்சே புரியலன்னு அவர்கிட்ட விட்டாங்க, அவர் பக்கத்து தியேட்டர்ல இருந்து சீட் குஷனை ராத்திரி ராத்திரி தூக்கிட்டு வந்து போட்டு அளந்து பார்த்தார். ஹாலோட கன அளவை 0.161ஆல பெருக்கி, சத்தத்தை உறிஞ்சுற மொத்த பரப்பால (முழுசா உறிஞ்சுற பரப்பா மாத்தி எண்ணின சதுர மீட்டர்) வகுத்தா நேரம் வந்துடும், அவ்ளோதான்.

நம்ம ஹாலுக்கே போட்டு பாருங்க. 25 மீட்டர் நீளம், 18 அகலம், 7 உயரம், ஆக 3150 கன மீட்டர். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, பிளாஸ்டிக் சேர்னு இருந்தா சுவரும் தரையும் சீலிங்கும் சேர்ந்தே 75 சதுர மீட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும், காலி ஹால்ல கிட்டத்தட்ட 7 செகண்ட் வரும். ஒரு ஆள் சுமார் 0.45 சதுர மீட்டர் உறிஞ்சுவார், அப்போ 600 பேர் உக்காந்தா 1.5 செகண்டுக்கு இறங்கிடும், பாதி ஹால்தான் நிறைஞ்சுதுன்னா 2.4. காலைல காலி ஹால்ல செக் பண்ணி வச்ச செட்டிங் சாயங்காலம் உதவாம போறது இதனாலதான். துணி போட்ட குஷன் சீட் போட்டா ஆள் இல்லாத சீட்டும் உறிஞ்சும், கூட்டம் கூடினாலும் குறைஞ்சாலும் ஹால் ரொம்ப மாறாது. சீட்டுக்கு செலவு பண்ற காசு பாதி சவுண்டுக்கு செலவு பண்ற காசுதான்னு நிர்வாகத்துகிட்ட தைரியமா சொல்லுங்க.

பேச்சுக்கும் மைக் வச்சு பண்ற இசைக்கும் சேர்த்து 1லிருந்து 1.2 செகண்ட் சரியா இருக்கும். இந்த ஹால்ல ஆள் நிறைஞ்சப்பவே 1 செகண்ட் வேணும்னா இன்னும் 160 சதுர மீட்டர் உறிஞ்சணும், அதாவது 50 மில்லிமீட்டர் கிளாஸ் வுல் வச்சு துணி போர்த்தின பேனல் சுமார் 200 சதுர மீட்டர். பின் சுவர் முழுக்க முதல்ல அடிங்க, ஸ்பீக்கர் நேரா அதைத்தான் அடிக்குது, அங்க இருந்து திரும்பி மேடைக்கு வர்ற சத்தம்தான் பேசுறவரையே குழப்புது. மிச்சத்தை பக்க சுவரோட மேல் பாதில போடுங்க. பேனலை சுவத்தோட ஒட்டி அடிக்காம 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டா கீழ் ஸ்தாயியும் கொஞ்சம் அடங்கும், இல்லன்னா ஷ் ச் மாதிரி மேல் ஸ்தாயி மட்டும் செத்துப்போய் மிருதங்கத்தோட தொப்பி, அதாவது தடிச்ச சத்தம் வர்ற பக்கம், மட்டும் கும்முன்னு நிக்கும். ஏசி சத்தத்தையும் இப்பவே பேசிடுங்க, பின்னாடி அதை எந்த மிக்சராலயும் (எல்லா மைக்கையும் சேர்த்து கட்டுப்படுத்துற மெஷின்) குறைக்க முடியாது.

இப்போ ஸ்பீக்கர். ஸ்பீக்கர்ல இருந்து நேரா வர்ற சத்தம் தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், இந்த ஒரு விஷயத்தை வச்சே பாதி முடிவு எடுத்துடலாம். ஸ்டாண்ட்ல வச்ச ஸ்பீக்கர் முதல் வரிசைக்கு 2 மீட்டர், கடைசி வரிசைக்கு 22 மீட்டர்னா ரெண்டுக்கும் நடுவுல 21 டெசிபல் வித்தியாசம், முன்னாடி காது கிழியும் பின்னாடி ஒண்ணும் கேக்காது. அதையே மேல தொங்கவிட்டு முன் வரிசைக்கு 6 மீட்டர், பின் வரிசைக்கு 23 மீட்டர் ஆக்கிட்டா வித்தியாசம் 12 டெசிபலுக்குள்ள வந்துடும், ஸ்பீக்கரோட மூக்கை பின் வரிசை பக்கம் திருப்பினா இன்னும் குறையும். தொங்கவிடுறது தலைக்கு மேல எடை, அதனால பீம்ல எங்க துளை போடலாம்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்துல தரணும், ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனியா ஒரு சேஃப்டி வயர் ரோப் இருக்கணும், இதுல சமரசமே கூடாது.

600 சீட்டுக்கு லைன் அரே (ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வரிசையா தொங்கவிடுற பாக்ஸ்) கட்டாயம்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. இவ்ளோ நீள ஹாலுக்கு நாலே பாக்ஸ் வச்ச குட்டி லைன் அரேயை விட நல்ல பாயின்ட் சோர்ஸ் பாக்ஸ் (தனியா நின்னு ஒரே இடத்துல இருந்து சத்தம் தர்றது) ஒழுங்கா குறி பார்த்து மாட்டினா போதும்ங்கறது என் கருத்து. நடுவுல மேல ஒரு சென்டர் ஸ்பீக்கர், அது பேச்சுக்கு மட்டும், இடது வலது ரெண்டும் பாட்டுக்கும் படத்துக்கும். பேச்சை இடது வலது ரெண்டுலயும் ஒரே நேரம் விட்டா நடுல இருந்து ஒரு சீட் தள்ளி உக்கார்றவருக்கே ரெண்டு சத்தமும் வேற வேற நேரத்துக்கு வந்து சில எழுத்தை முழுங்கிடும். மேடை விளிம்புல முன் வரிசைக்குன்னு சின்ன ஸ்பீக்கர், அதாவது ஃப்ரன்ட் ஃபில், ரெண்டு மூணு வைங்க, இல்லன்னா முதல் வரிசைல உக்கார்ற விஐபிக்கு சத்தம் உச்சந்தலைல இருந்து வரும்.

பால்கனி இருந்தா அதுக்கு கீழ டிலே ஸ்பீக்கர் வேணும், அதாவது மேடைப் பக்க சத்தம் வந்து சேர்ற நேரத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் தாமதமா பேசுற ஸ்பீக்கர். நம்ம ஊர் 30 டிகிரி வெப்பத்துல சத்தம் செகண்டுக்கு 350 மீட்டர் போகும், மேடைப் பக்கம் தொங்குற மெயின் ஸ்பீக்கர்ல இருந்து 14 மீட்டர் தள்ளி வச்சா 40 மில்லிசெகண்ட் தாமதம், அதுக்கு மேல ஒரு 10 சேர்த்து 50ல வைங்க. முதல்ல வந்து சேர்ற சத்தம் எந்தப் பக்கமோ அங்க இருந்துதான் எல்லாம் வருதுன்னு காது முடிவு பண்ணும், ஹெல்முட் ஹாஸ் 1949ல காட்டினது இதுதான், அதனால பின் வரிசைக்காரர் கண்ணும் காதும் மேடை மேலயே இருக்கும்.

கீழ் ஸ்தாயிக்குன்னு இருக்குற சப் ஊஃபரை மெயினோட சேர்த்து ஓட்டாதீங்க, மிக்சர்ல தனி ஆக்ஸ்ல (வேண்டிய மைக்கை மட்டும் தனியா வெளில அனுப்புற வழி) கொடுங்க. பேச்சு மைக் எதுவும் அந்த ஆக்ஸுக்கு போகவே கூடாது, எல்லா பேச்சு மைக்கிலயும் 100 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டிடுங்க. போடியத்தை தட்டுற சத்தம், மூச்சு படுற சத்தம் எல்லாம் இந்த ஒரு வேலைல போயிடும்.

மேடைல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. கர்நாடக கச்சேரில எல்லாரும் தரைல சம்மணம் போட்டு உக்கார்றாங்க, காது தரைல இருந்து 80 சென்டிமீட்டர்தான் இருக்கும், கடைல விக்கிற மானிட்டர் வெட்ஜ் (கலைஞர்கள் தங்களை கேக்க மேடைல வைக்கிற சாய்வு ஸ்பீக்கர்) நிக்கிற ஆளுக்குன்னு சாய்ச்சு செஞ்சது. பக்கத்துல வச்சா சத்தம் தலைக்கு மேல போகும், பாடகர் ஏத்துங்க ஏத்துங்கன்னு கை காட்டுவார், சவுண்ட் ஆபரேட்டரும் ஏத்துவார், மைக் விசில் அடிக்கும். சின்ன பாக்ஸா எடுத்து காது உயரத்துக்கு நேரா திருப்பி வைங்க, ஏத்தவே தேவைப்படாது. குறைஞ்சது நாலு தனித்தனி மானிட்டர் வேணும், பாடகருக்கு ஸ்ருதியும் வயலினும், மிருதங்கக்காரருக்கு பாட்டு. நாதஸ்வரம் தவில்னா இந்த ஹாலுக்கு மைக்கே தேவையில்லைன்னுதான் சொல்லுவேன். பரதநாட்டியத்துக்கு மேடை முன் விளிம்புல பவுண்டரி மைக் (தரைல படுத்த மாதிரி வைக்கிற தட்டை மைக்) ரெண்டு, சலங்கை அதுல அழகா வரும். நட்டுவனார் ஜதி சொல்ற மைக்கை வாய்க்கு ரொம்ப பக்கத்துல கொடுங்க, தள்ளி வச்சா அவர் கைல இருக்குற தாளமே எல்லாத்தையும் மூடிடும்.

பட்டிமன்றத்துல எட்டு மைக் ஒரே நேரத்துல திறந்திருந்தா ஒத்தை மைக்கை விட 9 டெசிபல் முன்னாடியே விசில் வரும், மைக் ரெண்டு மடங்காகுறப்போ 3 டெசிபல் போகும்ங்கறது கணக்கு. அதனால ஆட்டோமிக்ஸ், அதாவது பேசாத மைக்கை தானா குறைக்கிற வசதி, இருக்குற டிஜிட்டல் மிக்சரா பார்த்து வாங்குங்க. மீட்டிங், கச்சேரி, நாட்டியம், ஆர்கெஸ்ட்ரா, படம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீன், அதாவது எல்லா செட்டிங்கையும் சேர்த்து, சேவ் பண்ணி பூட்டி வைங்க. இதோட சேர்த்து சுவத்துல ஒரு சின்ன பேனல் போடுங்க, ஒரு சுவிட்ச், ரெண்டு மைக், ஒரு வால்யூம் நாப், அவ்ளோதான். ஆபரேட்டர் வராத நாள்ல பியூனே ஆன் பண்ணி பிரேயர் நடத்திடலாம், வருஷத்துல பாதி நிகழ்ச்சி அப்படிப்பட்டதுதான். வெளில இருந்து வர்ற ஆர்கெஸ்ட்ரா அவங்க மிக்சரோட வருவாங்க, அவங்க நேரா குத்திக்க மேடை ஓரத்துல இன்புட் பாயின்ட் கொடுங்க.

மிக்சரை கண்ணாடி ரூமுக்குள்ள வைக்காதீங்க. உள்ள உக்கார்றவருக்கு ஹால்ல என்ன கேக்குதுன்னு தெரியவே தெரியாது. ஜனங்களுக்கு நடுவுல, பால்கனிக்கு கீழ போகாம, நடுக்கோட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி ஆறு சீட்டை எடுத்துட்டு அங்க வைங்க. சீட் போகுதேன்னு சண்டை வரும், விட்டுக் கொடுக்காதீங்க.

கரண்ட் விஷயம் சுருக்கமா சொல்றேன். லைட் டிம்மர் ஒரு ஃபேஸ், சவுண்ட் முழுக்க வேற ஃபேஸ், மேடை மேல இருக்குற கீபோர்டு பிளக் பாயின்ட்டும் சவுண்ட் ஃபேஸ்லயே வரணும், எல்லாத்துக்கும் ஒரே எர்த். இதை மாத்தி போட்டா உர்ர்னு ஹம் வரும், அப்போ சில பேர் எர்த் பின்னை புடுங்கிடுவாங்க, அது உயிருக்கே ஆபத்து, கீபோர்டு லேப்டாப்புக்கு டிஐ பாக்ஸ்ல (அதோட சிக்னலை மைக் கேபிளுக்கு ஏத்த மாதிரி மாத்துற பாக்ஸ்) கிரவுண்ட் லிஃப்ட், அதாவது சிக்னல் கேபிளோட கிரவுண்டை மட்டும் பிரிக்கிறது, பண்ணிக்கலாம். மைக் கேபிள் பைப்பும் கரண்ட் பைப்பும் ஒண்ணா ஓடக்கூடாது, குறுக்க போகணும்னா நேர் செங்குத்தா போகட்டும். பின்னாடி கேபிள் இழுக்குறதுக்கு கயிறோட ரெண்டு காலி பைப் சேர்த்து புதைச்சுடுங்க.

முடிச்சதும் பாட்டு போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, பாட்டு எதுலயும் நல்லாத்தான் கேக்கும். படம், பணம், பலம், பயம், பழம்னு ஒரே மாதிரி வார்த்தையா ஒரு நூறு கலைச்சு எழுதி ஒருத்தர் போடியத்துல சாதாரண குரல்ல படிக்கட்டும், நாலு மூலைலயும் பால்கனிக்கு அடிலயும் ஆளை உக்கார வச்சு கேட்டதை எழுத சொல்லுங்க. எந்த சீட்ல தப்பு அதிகமோ அங்க ஸ்பீக்கர் கோணத்தை மாத்துங்க, டிலேயை மாத்துங்க, ஈக்குவலைசரை (மேல், கீழ் ஸ்தாயியை ஏத்தி இறக்குறது) கடைசியா தொடுங்க. இதை காலி ஹால்ல ஒரு தடவை, ஆள் நிறைஞ்ச நாள்ல ஒரு தடவை பண்ணணும். காண்ட்ராக்டருக்கு கடைசி தவணையை ஒரு பேச்சு நிகழ்ச்சி, ஒரு கச்சேரி, ஒரு ஆர்கெஸ்ட்ரா மூணும் அவர் முன்னாடியே நடந்த அப்புறம்தான் கொடுப்போம்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.