குமரி எல்லையில் தற்காப்புக் கலையைத் தேர்ந்தெடுக்கும் முறை

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் தற்காப்புக் கலை கற்க இடமில்லை என்று குறைப்பட முடியாது. இப்பகுதியின் மரபுச் சண்டைக் கலையான அடிமுறையைத் தோப்புக்குள் கொட்டகை போட்டுப் பயிற்றும் ஆசான்களும், பள்ளிக்கூட மைதானங்களில் சிலம்பம் சொல்லித் தருபவர்களும், கடைத்தெரு மாடிகளில் கராத்தே, டேக்வாண்டோ வகுப்பு நடத்துபவர்களும் இங்கே இருக்கிறார்கள்; களியக்காவிளையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் திருவனந்தபுரத்தில் வட கேரள மரபான வடக்கன் களரியும் உண்டு. இத்தனை வாய்ப்புகள் இருப்பதாலேயே எது சிறந்த கலை என்ற கேள்வி முதலில் எழுகிறது. அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சாதாரண மாலை வகுப்பில் ஆசான் மாணவர்களை என்ன செய்ய வைக்கிறார் என்பதைப் பார்த்து முடிவெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரே பெயருள்ள கலை பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருவேறு பயிற்சிகளாக நடப்பதுண்டு.

பார்க்கப் போவதற்கு முன், எதற்காகக் கற்க விரும்புகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தற்காப்புக்காக என்று மட்டும் எழுதினால் போதாது. கையைப் பிடித்து இழுப்பவரிடமிருந்து விடுபடத் தெரிய வேண்டும் என்பது ஒரு தேவை. பத்து வயதுப் பிள்ளை கைப்பேசியை வைத்துவிட்டு மைதானத்துக்கு வர வேண்டும் என்பது வேறு தேவை. மாநில அளவில் போட்டியிட வேண்டும் என்பதும், நாற்பது வயதுக்கு மேல் முதுகு வலியின்றிக் குனிந்து நிமிர வேண்டும் என்பதும், தாத்தா பயின்ற முறையைத் தானும் அறிய வேண்டும் என்பதும் தனித்தனித் தேவைகள். ஒன்றுக்குப் பொருந்தும் வகுப்பு மற்றொன்றுக்குப் பயன்படாமல் போகலாம்.

இந்த மண்ணுக்குரிய கலையிலிருந்து தொடங்கலாம். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தன. மாநில எல்லை மாறினாலும் ஆசான்களின் மரபு இருபுறமும் தொடர்ந்தது. கேரளத்தில் தெக்கன் களரி என்று சொல்லப்படுவதும் இங்கே அடிமுறை, வர்ம அடி என்று வழங்குவதும் பெரும்பாலும் ஒரே மரபைச் சேர்ந்தவை. அதன் ஏட்டுச் சுவடிகளில் பல தமிழில் உள்ளன. ஆசான்கள் அகத்தியரையே முதல் குருவாகக் கொள்கிறார்கள். பயிற்சி ஒற்றைச்சுவடு என்ற தனிக் காலடிப் பயிற்சியில் தொடங்கிக் கூட்டச்சுவடு என்ற தொடர் காலடி வரிசை, கைப்போர் என்று நெடுநாள் வெறுங்கையிலேயே செல்லும்; குறுந்தடி, நெடுந்தடி, கத்தி ஆகியவை அதற்குப் பின் வரும். அருகில் நின்று கையையோ கழுத்தையோ பிடிப்பவரைப் பூட்டுப் போட்டு அடக்குவதும், அவருடைய பிடியிலிருந்து பிரிவதும் இதில் விரிவாகக் கற்பிக்கப்படுவதால், முதலில் சொன்ன தேவை உடையவர்கள் அடிமுறையைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் எதிராளி எந்தப் பக்கம் அடிப்பார் என்பது முன்கூட்டியே வகுத்து வைக்கப்பட்டிருக்கும். முதல் ஓராண்டுக்கு அது தவறில்லை. அதற்குப் பிறகும் எதிராளி முரண்டு பிடிக்காமல் நின்று கொடுத்துக்கொண்டே இருந்தால், நீங்கள் கற்பது அழகான வரிசை மட்டுமே. மூன்றாண்டு பயின்ற மாணவர் ஒருவரிடம், இணையாக நிற்பவர் இப்போது உண்மையாகவே திமிறுகிறாரா என்று கேளுங்கள்.

அடிபட்டால் ஆபத்தாகும் உடலின் நுட்பமான இடங்களான வர்மத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இப்பகுதிக்கு வெளியூரிலிருந்து வருபவர்களில் பலர் அதற்காகவே வருகிறார்கள். மரபு உயிருக்கே ஆபத்தான 12 படுவர்மம், அவ்வளவு கடுமையற்ற 96 தொடுவர்மம் என 108 இடங்களைக் கணக்கிடுகிறது. அந்த இடங்களை அறிவது அடிப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. அடிபட்டவரை இளக்கி மீட்கும் முறையும், உடலைத் தடவிச் சிகிச்சை செய்யும் தடவுமுறையும் அதனுடன் சேர்ந்தே கற்பிக்கப்படுகின்றன. ஆகவேதான் ஆசான்களில் பலர் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். பல்லாண்டு கூட இருந்த மாணவனுக்கே சொல்லப்பட வேண்டியது என்று மரபு கருதும் ஒன்றை, ஒரு மாதப் பயிற்சியாக விளம்பரப்படுத்தும் இடத்தை விட்டு விலகி நிற்பது நல்லது. தொட்டவுடன் ஆள் விழுவதைக் காட்டும் செயல்விளக்கம் நடந்தால், விழுபவர் அந்த ஆசானின் சொந்தச் சீடரா என்பதை மட்டும் பாருங்கள். வகுப்பில் தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால், எந்த இளக்குமுறைக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வடக்கன் களரியின் வரிசை அடிமுறையின் வரிசைக்கு நேர்மாறானது. மெய்த்தாரி, கோல்தாரி, அங்கத்தாரி என்று உடற்பயிற்சியும் கம்பும் இரும்பு ஆயுதங்களும் முன்னே வர, வெறுங்கை இறுதியில்தான் வருகிறது. 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டு தரையைத் தோண்டி அமைத்த குழிக்களரி, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை என்ற வழிபாட்டு மேடை, மலையாளத்தில் முழங்கும் வாய்த்தாரி என்ற பயிற்சிக் கட்டளைகள் என்று அதன் சூழலே ஈர்ப்புடையது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் உள்ள சி.வி.என். களரி 1956இல் தொடங்கப்பட்டது. வடகரையில் கடத்தநாடன் களரி சங்கத்தில் பயிற்றுவிக்கும் மீனாட்சி அம்மா 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது எழுபது வயதைக் கடந்திருந்தார். வயது ஏறினாலும் உடல் வளைய வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு அதைவிடச் சான்று தேவையில்லை. உடல் நெகிழ்வுக்கும் சமநிலைக்கும் மெய்த்தாரியின் உடற்பயிற்சிக்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டுக்குள் தெருச் சண்டையைச் சமாளிக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு மட்டும் இந்த வரிசை மிக நீண்டதாகத் தோன்றும். எல்லை கடந்து போய்வரும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். களரி வகுப்புகள் பெரும்பாலும் அதிகாலையில் நடப்பதால், குழித்துறையிலிருந்து விடியுமுன் புறப்பட்டுவிட்டு அதன் பின் வேலைக்கும் போக வேண்டியவர் எத்தனை மாதம் தாங்குவார் என்பதை அவரே அறிவார். உங்கள் வாரத்தில் மூன்று நாள் போக முடியாத இடத்தை, அது எவ்வளவு புகழுடையதாக இருந்தாலும், தேர்ந்தெடுக்காதீர்கள்.

சிலம்பம் செலவு குறைந்தது. நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பும் விரிந்த இடமும் இருந்தால் போதும். போட்டிகளில் தனித்திறமை, தொடுமுறை என்று இரு பிரிவுகள் உண்டு. முன்னது வீச்சின் வேகத்தையும் அழகையும் காட்டுவது, பின்னது எதிராளியின் உடலைக் கம்பு தொட்டால் புள்ளி தருவது. ஊர்த் திருவிழாவில் சுற்றிக் காட்டுவதையே முழுக்கலையாக நடத்தும் இடங்களும் உள்ளன. தொடுமுறையும் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள், ஏனெனில் தூரத்தைக் கணிப்பதையும் அடியைத் தடுப்பதையும் அதில்தான் கற்கிறோம். பேருந்தில் கம்பைக் கொண்டுபோக முடியாது என்று சிலர் குறை சொல்வார்கள். அது உண்மைதான், எனினும் காலடிப் பயிற்சி உடலில் தங்கிவிடுகிறது. அரசுப் பணியில் உள்ள 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழக அரசு சிலம்பத்தையும் சேர்த்திருக்கிறது. இதை நம்பிச் சேர்பவர்கள், எந்தப் போட்டியின் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்பதோடு நிற்காமல், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கராத்தே வகுப்புகளே எண்ணிக்கையில் மிகுதி. ஆகையால் தரத்தில் ஏற்றத்தாழ்வும் மிகுதி. ஷோட்டோகான், கோஜு-ரியு, ஷிட்டோ-ரியு என்று பிரிவுகள் பல இருந்தாலும், தொடக்கநிலை மாணவருக்கு அந்த வேறுபாடு பெரிதன்று. தனியாகச் செய்யும் அசைவு வரிசையான கட்டா மட்டும் நடக்கிறதா, எதிராளியோடு மோதும் குமித்தேயும் வாரந்தோறும் நடக்கிறதா என்பதே பெரிது. ஒலிம்பிக் கனவோடு பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் அறிய வேண்டியது, கராத்தே டோக்கியோ 2020 போட்டிகளில் மட்டும் இடம்பெற்றது. பாரிஸ் 2024இல் இல்லை, லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 பட்டியலிலும் இல்லை. டேக்வாண்டோ 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து பதக்க விளையாட்டாக நீடிக்கிறது. அது பெரும்பாலும் காலால் உதைக்கும் கலையாகையால், முழங்காலிலோ இடுப்பிலோ பழைய காயம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.

ஜூடோவும் குத்துச்சண்டையும் நம் பக்கத்துச் சிற்றூர்களில் எளிதில் கிடைப்பதில்லை. நல்ல பயிற்சியாளர் அருகில் இருந்தால் அவற்றை முன்வரிசையில் வைப்பேன். 1882இல் ஜிகோரோ கானோ ஜூடோவை உருவாக்கியபோது, முழு வலுவோடு பயிற்சி செய்தால் ஆபத்தாகக்கூடிய அடிகளை நீக்கிவிட்டு, முழு வலுவோடு செய்யத்தக்க வீச்சுகளையும் பிடிகளையும் மையமாக வைத்தார். அதனால் ஜூடோ மாணவர் முதல் மாதங்களிலேயே உண்மையாக எதிர்க்கும் ஒருவரோடு மல்லுக்கு நிற்கிறார், காயமின்றி விழவும் கற்கிறார். வழுக்கி விழுவது யாருக்கும் நேரக்கூடியது என்பதால், பாதுகாப்பாக விழத் தெரிவதே ஒருவர் வாழ்நாளில் மிகுதியாகப் பயன்படுத்தப்போகும் தற்காப்பு என்று நினைக்கிறேன். குத்துச்சண்டை அடி வாங்கும் அச்சத்தை விரைவில் போக்கும். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவது மூளைக்குக் கேடு என்பதால், சிறுவர்களைத் தலைக்குக் குத்தவிட்டுப் பயிற்றும் இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்ட பிறகு, ஒவ்வொன்றிலும் ஒரு முழு வகுப்பை ஓரமாக அமர்ந்து பாருங்கள். ஆண்டுவிழா நாளில் போகக் கூடாது. எல்லோரும் அன்று நன்றாகவே செய்வார்கள். பழைய மாணவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், புதியவர் ஒருவர் தவறு செய்யும்போது ஆசான் அதை எப்படித் திருத்துகிறார், அடிபட்டவர் ஓரமாக உட்கார அனுமதிக்கப்படுகிறாரா, பெரியவர் சிறியவரோடு இணை சேரும்போது வலுவைக் குறைத்துக்கொள்கிறாரா என்பவற்றைக் கவனித்தால், பதாகையில் எழுதியிருப்பதைவிட மிகுதியாகத் தெரிந்துவிடும். போதிதருமர் காஞ்சியிலிருந்து சீனம் சென்று சண்டைக் கலையைத் தோற்றுவித்தார் என்று பதாகைகளில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவரைச் சீனத்தின் ஷாவோலின் மடத்துப் பயிற்சியோடு இணைக்கும் நூல் அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியது. கலையின் தொன்மை உங்கள் பிள்ளையின் முழங்காலைக் காப்பாற்றாது. பெண்களும் சிறுமிகளும் பயிலும் இடத்தில் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கத் தடை இருக்கக் கூடாது. தடவுமுறை, எண்ணெய்ச் சிகிச்சை போன்றவை நடக்கும் களரியில், பெண்களுக்குப் பெண்களே செய்கிறார்களா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியும் முதல் நாளே பேசிவிடுங்கள். மாதக் கட்டணம் குறைவாக இருந்து, ஒவ்வொரு நிறப் பட்டைக்கும் தேர்வுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், சீருடை, போட்டி நுழைவு என்று வந்துகொண்டே இருந்தால் ஆண்டுக் கணக்கில் அதுவே மிகுந்த செலவாகும். மூன்று மாதத்துக்கு ஒரு பட்டை தவறாமல் கிடைக்கும் இடத்தில் யாரும் தோற்பதில்லை என்பதே எச்சரிக்கை. அடிமுறை ஆசான்களிடம் தட்சிணையாகக் கொடுக்கும் வழக்கம் இன்னும் உண்டு. அதிலும் மாதம் எவ்வளவு எதிர்பார்க்கப்படுகிறது என்று பணிவாகக் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மழைக்காலத்தில் வகுப்பு எங்கே நடக்கும்? இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்யும் ஊரில், கூரையில்லாத மைதான வகுப்பு பல வாரங்கள் நின்றுபோகும். களரி மரபில் மழைக்காலமே பயிற்சிக்கும் உழிச்சில் என்ற எண்ணெய்த் தடவலுக்கும் உகந்த பருவம் என்பதால், நல்ல களரிகளில் ஆடி மாதம் கூட்டம் கூடுதலாக இருக்கும்.

சேர்ந்த பிறகு ஆறு மாதம் வேறு எதையும் தேடாமல் பயிலுங்கள். ஒரே நேரத்தில் கராத்தேயும் அடிமுறையும் தொடங்கினால் நிலையும் காலடியும் குழம்பி இரண்டுமே பிந்தும். ஆறு மாத முடிவில், தொடக்கத்தில் எழுதி வைத்த அந்த வாக்கியத்தை எடுத்து, அதில் எவ்வளவு நிறைவேறியது என்று ஆசானிடமே வெளிப்படையாகப் பேசலாம். மாறுவதாக முடிவு செய்தால், நேரில் சென்று சொல்லி விடைபெறுங்கள். இந்த வட்டாரத்து ஆசான்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். சொல்லாமல் நின்றுவிட்டு அடுத்த களரியில் போய் நிற்பவரை அங்கும் எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.