புது ஏழு சீட்டர் எடுக்கிறீர்களா? சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்

வண்டி எடுக்கப் போனால் பெயின்டில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்போம். சீட்டில் மட்டும் ஒருதரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவோம். நானும் அப்படித்தான். எங்கள் வண்டியில் நடு வரிசை இடது சீட்டின் சாய்மானம் சரியாகப் பூட்டவில்லை. மூன்றாம் நாள் திடீர் பிரேக் போட்டபோது அது முன்னால் மடிந்து விழுந்த பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அன்றைக்கு அதில் இருந்தது மளிகைப் பை.

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம்பர் விழுந்துவிட்டால் வண்டியை மாற்றித் தரச் சொல்வது பெரும்பாடு.

1. முன் சீட்டை நகர்த்தி, 'க்ளிக்' கேட்டதும் காலை ஊன்றி முதுகால் பின்னே தள்ளுங்கள். அசையக் கூடாது. மோட்டார் சீட் என்றால் பட்டனை விட்டதும் நிற்க வேண்டும். இது சின்ன விஷயமில்லை. கியா 2024-ல் அமெரிக்காவில் 4,27,407 டெல்லுரைடு வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: பட்டன் சிக்கிக்கொண்டால் சீட் மோட்டார் சூடேறித் தீப்பிடிக்கலாம். சரிசெய்யும்வரை வண்டியை வெளியே, கட்டடங்களைவிட்டுத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள்.

2. பின் வரிசைகளை மடித்து, நிமிர்த்தி, சாய்மானத்தை இரண்டு கையாலும் முன்னே இழுங்கள். ஒவ்வொரு சீட்டையும் இரண்டு மூன்று தடவை. சேல்ஸ்மேன் சிரித்தால் சிரிக்கட்டும்.

3. பெல்ட்டை முழுக்க இழுத்து, முறுக்கு இருக்கிறதா பாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். கடைசி வரிசையில் பக்கிள் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், தோண்டி எடுத்து மாட்டிப் பாருங்கள்.

4. கைக்குழந்தை இருந்தால் சாய்மானமும் சீட்டும் சேரும் இடுக்கில் விரலை விடுங்கள். இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி அதுதான். வாங்கப்போகும் குழந்தை சீட்டை அங்கேயே மாட்டிப் பார்ப்பது உத்தமம். பின்னோக்கிய குழந்தை சீட்டை, ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

5. அப்புறம், சீட் கவர். நம் ஊரில் டெலிவரி எடுத்த கையோடு கவர் போட்டால்தான் மனசு ஆறும். ஆனால் முன் சீட் சாய்மானத்தின் கதவுப் பக்க ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சின்னப் பட்டி இருந்தால், பக்கவாட்டு ஏர்பேக் அந்தச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மோதும்போது அது தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதன்மேல் கெட்டியான ரெக்ஸின் கவரை இறுக்கித் தைத்துவிட்டால், காசு கொடுத்து வாங்கிய ஏர்பேக்கை நாமே கட்டிப்போட்ட மாதிரி. அந்த ஓரம் திறந்திருக்கும் கவராகக் கேளுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் ஒயர் ஏர்பேக்குக்கானது, அதில் கை வைக்க விடாதீர்கள். கடைக்காரர் பெல்ட் அலாரத்தை நிறுத்தும் கிளிப்பை நீட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அதை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது.

6. குறை தெரிந்தால் வீடியோ எடுத்து, டெலிவரி தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "முதல் சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்" என்பதை ஏற்காதீர்கள். வண்டி ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? சர்வீஸ் சென்டரில் குறையை எழுதி ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) போடச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, குறைக்காகத் திரும்ப அழைக்கும் ரீகால் ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.